மாமனார் வாங்கி வந்த மீன்கள்

மீன் தொட்டி வைத்திருப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. கண்ணுக்கு அழகாகப் பட்டதையெல்லாம் வாங்கிப் போடுகிறவர்கள் ஒரு ரகம். எதோடு எது சேரும் என்று பார்த்துப் போடுகிறவர்கள் இன்னொரு ரகம். நான் இரண்டாவது. கரமனையில் எங்கள் பிளாட்டின் கூடத்தில் உள்ள தொட்டியில் நியான் டெட்ரா ஒரு கூட்டமாக இருந்தது. நீலமும் சிவப்புமாக, ஒவ்வொன்றும் வெண்டைக்காய்க் காம்பு அளவுதான். அடியில் விழுந்ததைப் பொறுக்கித் தின்ன, கோரி என்கிற சின்ன மீசை மீன்கள் சில. யாரும் யாரையும் துரத்துவதில்லை. இந்த வீட்டில் அமைதியாக இருக்கும் ஒரே இடம் அதுதான் என்று மனைவி சொல்வாள். என்னைப் பார்த்துத்தான் சொல்வாள்.

மாமியார் காலமான பிறகு மாமனார் கல்லிடைக்குறிச்சியில் தனியாக இருந்தார். ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டார் கதவை உடைத்து அவரைத் தூக்கும்படி ஆயிற்று. மனைவி போய்ப் பிடிவாதமாக இங்கே அழைத்து வந்தாள். பத்து நாள் இருக்கிறேன் என்றார். பெண் வீட்டில் அதற்குமேல் தங்குவது அவருக்குக் கௌரவக் குறைவு. துணிகளை அலமாரியில் வைக்கச் சொன்னால், இருக்கட்டும் என்பார். வேண்டும்போது ஒரு வேட்டியை மட்டும் உருவிக்கொண்டு பெட்டியைப் பூட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார். காபி வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்க மாட்டார். கொடுத்தால் குடிப்பார், கொடுக்க மறந்தால் படித்த பேப்பரையே மறுபடி படிப்பார்.

பத்து நாள் என்பது மழை நிற்கட்டும் என்றாகி, ஓணக் கூட்டம் குறையட்டும் என்றாகி நீண்டது. பெட்டி மட்டும் பூட்டியபடியே இருந்தது. என்றைக்குக் கிளம்புவாரோ என்று மனைவி தினமும் கட்டிலுக்கடியில் குனிந்து பார்ப்பாள். அடுத்த தடவை விழுந்தால் கதவை உடைக்க ஆள் வர வேண்டுமே.

பெண்ணைக் கொடுத்த வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்பது எங்கள் மனிதர்களிடையே எழுதாத சட்டம். ஊரிலிருந்து வருகிறவர்கள் வாழைப்பழமோ பூவோ வாங்கி வருவார்கள், அதோடு சரி. மாமனார் எங்கள் வாசற்படியைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சட்டம் பொருந்தும் என்று நினைத்தார். சாயங்காலம் பஸ் பிடித்துப் பழவங்காடிப் பிள்ளையாரைப் பார்க்கப் போவார். திரும்பி வருவதும் அவர் கணக்கில் ஒரு வருகைதான். இங்கே ஏத்தம்பழம் என்று சொல்லும் நேந்திரம்பழம், சிப்ஸ், பிஸ்கட், மறுபடி ஏத்தம்பழம். ஃப்ரிட்ஜில் இடம் இல்லை, இனிமேல் தின்பதற்கு ஒன்றும் வாங்காதே என்று மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்.

அவர் யோசித்திருக்கிறார். தொட்டி முன்னால் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதையும் கவனித்திருக்கிறார். மறுநாள் பிளாஸ்டிக் பையில் தண்ணீரும் அதில் ஒரு ஏஞ்சல் மீனுமாக வந்து நின்றார்.

"சைவமான்னு கேட்டுத்தான் வாங்கினேன்," என்றார்.

கடைக்காரர் எல்லாம் சைவம்தான் என்று சொல்லியிருக்கிறார். சைவச் சாப்பாட்டுக்காரர் எதிரே நின்று கேட்டால் அவர் வேறு என்ன சொல்வார்? நான் தினமும் போடும் தீனியில் காய்ந்த இறால் இருப்பதையே வீட்டில் சொன்னதில்லை. மீன் உலகத்தில் சைவம் அசைவம் கிடையாது; வாயில் நுழைவது தீனி, நுழையாதது துணை. ஏஞ்சல் சின்னதாக இருக்கும்வரை நியானோடு சாதுவாகத்தான் இருக்கும். வளர்ந்து வாய் பெரிதானதும் நியான் அதற்குப் பலகாரம். இதை அவருக்கு நிதானமாகவே எடுத்துச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். எனக்கு மீன் விஷயம் பேச ஆள் கிடைக்காமல் இருந்தது என்று புரிந்துகொண்டாரோ என்னவோ, இரண்டு நாள் கழித்து டைகர் பார்ப் வாங்கி வந்தார்.

டைகர் பார்ப் பார்க்க லட்சணமாக, மஞ்சளில் கறுப்புப் பட்டையோடு இருக்கும். தெருமுனையில் நிற்கும் வம்புக் கும்பலைத் தொட்டிக்குள் விட்டது போலத்தான். நீளமாகத் தொங்கும் துடுப்பைக் கண்டால் கடித்து இழுக்காமல் இருக்க அதற்கு முடியாது. ஏஞ்சலுக்கோ உடம்பு முழுக்கத் தொங்கும் துடுப்பு. ஒரே வாரத்தில் அது ஓரங்கள் கிழிந்த பழந்துணி மாதிரி ஆகிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மனைவியிடம் முறையிட்டேன்.

"மீன் போனா வேற மீன் வாங்கிக்கலாம்," என்றாள். "அப்பா கோச்சுண்டு பொட்டியத் தூக்கிண்டு போயிட்டா?"

அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? மறுநாள் காலையில் டைகர் பார்ப்களைப் பிடித்து, பால் வாங்கும் தூக்குச்சட்டியில் விட்டு, ஆபீஸ் போகும் வழியில் அந்தக் கடையிலேயே கொடுத்துவிட்டேன். பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஆசைப்பட்டுக் கேட்டார் என்று மாமனாரிடம் சொன்னேன். அவருக்கு மிகவும் திருப்தி. அன்று சாயங்காலமே டைகர் பார்ப் வாங்கி வந்தார். ஒன்றுக்கு வாலருகே பட்டை பாதியில் நின்றிருந்தது. காலையில் நான் கொடுத்ததிலும் ஒன்றுக்கு அப்படித்தான். அதே மீன்கள்தான்.

இது மூன்று நான்கு தடவை நடந்தது. நான் காலையில் கொண்டுபோய்க் கொடுப்பேன், அவர் சாயங்காலம் வாங்கி வருவார். மீன்களுக்கே அந்த பஸ் ரூட் மனப்பாடமாகியிருக்கும். கடைசியில் கடைக்காரருக்கே பொறுக்கவில்லை. வீட்டில் நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு தடவை பேசக் கூடாதா என்று மலையாளத்தில் கேட்டார். பார்ப்களை உள்ளே எங்கோ ஒளித்துவைத்தும் உதவினார். மாமனார் அதற்குப் பதில் ஒரு சில்வர் ஷார்க் வாங்கி வந்தார். அது ஓர் அடி நீளம் வளரும் மீன்.

இதற்குள் சில மாதங்கள் ஓடிவிட்டன. ஏஞ்சல், கிழிந்த துடுப்பெல்லாம் ஆறி, உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்துவிட்டது. நியான்கள் ஒவ்வொன்றாகக் குறைவதை நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். ஒரு ஏகாதசியன்று காலை, மாமனார் ஜபம் முடித்துத் தொட்டிப் பக்கம் வந்தார். அவர் வாங்கி வந்த ஏஞ்சல், அவர் கண்ணெதிரே, ஒரு நியானைப் பிடித்தது. வாய்க்கு வெளியே அதன் சிவப்பு வால் கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு அதுவும் உள்ளே போயிற்று.

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மொத நாளே சொன்னேள் மாப்பிள்ளை. நான்தான் காதுல போட்டுக்கல்லை. சேராத எடத்துல கொண்டுவந்து விட்டா இப்படித்தான் ஆகும்."

சொல்லும்போது அவர் தொட்டியைப் பார்க்கவில்லை. எழுந்து அறைக்குள் போனார். கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. மனைவி கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்தாள். எனக்குக் கோபமும் பயமும் சேர்ந்து வந்தன. இரண்டும் சேர்ந்தால் நான் கத்திவிடுவேன்.

"மாமா, விருந்தாளிதான் கையில ஏதாவது வாங்கிண்டு வருவா. உங்களுக்கு என்ன வந்தது? வெளில போனா கைய வீசிண்டு ஆத்துக்கு வாங்கோ. அது முடியாதுன்னா வெளியிலயே போக வேண்டாம்."

மாமனாரிடம் நான் அதுவரை குரலை உயர்த்தியதே இல்லை. பெட்டியை மறுபடி உள்ளே தள்ளினாரா, அப்படியே விட்டாரா என்று எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஒரு சின்னத் தொட்டியைத் தேடியெடுத்து ஏஞ்சலைத் தனியாக மாற்றினேன்.

மறுநாள் சாயங்காலம் வழக்கம்போலப் போனார். வழக்கமாகத் திரும்பும் நேரத்துக்குத் திரும்பவில்லை. மனைவி பால்கனிக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். பெட்டி கட்டிலுக்கடியில் இருக்கிறதே என்றேன். ரோஷம் வந்தால் அப்பா பெட்டிக்காகவெல்லாம் நிற்க மாட்டார், நேரே தம்பானூர் போய் ஊருக்கு பஸ் ஏறிவிடுவார் என்றாள். சட்டையை மாட்டிக்கொண்டு தேடப் புறப்பட்டேன். அப்போதுதான் அழைப்பு மணி அடித்தது.

வாசலில் மாமனார் நின்றார். பையும் இல்லை, பழமும் இல்லை, மீனும் இல்லை. இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கைகளையே பார்ப்பதைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார், நேரே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏண்டி, இன்னும் காபி போடல்லையா? பஸ் கெடைக்காம கோவில்லேர்ந்து நடந்து வரேன்."

"வந்து அஞ்சு நிமிஷம் ஆகல்லை, அதுக்குள்ள என்னப்பா அதிகாரம்?" என்று சொல்லிவிட்டு மனைவி சமையலறைக்குள் போனாள். வெகு நேரம் வெளியே வரவில்லை. உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. நாங்கள் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

காபி ஆறிப்போய்த்தான் வந்தது. அவர் அதற்கும் குறை சொன்னார்.