குலசாமி கேட்க மறந்தோம்

போனவர்கள் மூன்று பேர். அப்பா, நான், ஆட்டோ ஓட்டி வந்த என் அத்தை மகன் சசி. வராதவர் அம்மா. முழங்கால் வலி. யார் யாருக்கு என்ன முறை என்பது எங்கள் வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவரை விட்டுவிட்டு நாங்கள் சொந்தம் பார்க்கப் போயிருக்கவே கூடாது...

பூனாகலைப் பக்கம் ஒரு தோட்டம். அப்பா பிறந்த இடம். சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்து பதுளையில் ஒரு கடைக்கு வேலைக்கு வந்தவர் அவர். அதோடு ஊரும் விட்டது, ஒரு தங்கச்சியைத் தவிர உறவும் விட்டது.

போன வருடம் பசறையில் ஒரு சாவு வீட்டில், அதே தோட்டத்துப் பெருமாள் என்பவர் அப்பாவைத் தேடி வந்து "நாம சொந்தம்ங்க" என்றார். என்ன சொந்தம்? அவருக்கும் சரியாகத் தெரியவில்லை. அப்பாவோ, தன் அம்மா வழியாக இருக்கும் என்று தானே முடிவுகட்டி, "வாங்க மச்சான்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்பாவுக்கு மச்சான் என்றால் எனக்கு மாமா. அப்படியானால் அவர் பக்கத்தில் நின்றிருந்த மகள் தர்ஷினி எனக்கு... முறைப்பெண்!

தர்ஷினி தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பேப்பரில் நான் எழுதும் இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பதாகச் சொன்னார். எழுதுகிறவனிடம் ஒரு பெண் இதைச் சொல்லலாமா? அன்றிலிருந்து நான் இங்கே எழுதியதெல்லாம் ஒரே ஒரு வாசகருக்காகத்தான். மற்றவர்கள் மன்னிக்க வேண்டும்.

ஆகவே, அந்தப் பயணம் அப்பாவுக்கு ஊர் பார்ப்பது. எனக்குப் பெண் பார்ப்பது. புதுச் சட்டை போட்டிருந்தேன்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குள் நுழைந்ததும் குஷன் நாற்காலி எனக்கு. சாசரோடு தேத்தண்ணி எனக்கு. "நம்ம மருமகப்புள்ள, பேப்பர்ல எழுதுறவரு" என்று பெருமாள் அக்கம்பக்கத்தாரிடம் சொல்லச் சொல்ல, நான் கூச்சப்படுவது போல் காட்டிக்கொண்டிருந்தேன். சசி வாசற்படியில் உட்கார்ந்து கிளாஸில் குடித்துக்கொண்டிருந்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான். அவன் எட்டாம் வகுப்போடு நின்றவன். அவரவர் இடம் சரியாக இருப்பதாகவே எனக்குப் பட்டது.

சாமி கும்பிட்டுவிட்டுச் சாப்பிடலாம் என்று பெருமாள் எங்களை லயத்துக்குப் பின்னால் கூட்டிப் போனார். தேயிலைக்கு நடுவே ஒரு மரம். அடியில் ஒரு கல், ஒரு சூலம்.

"சங்கிலிக்கருப்பன். எங்க கொலசாமி. பாட்டன் தொறையூர்ப் பக்கமிருந்து புடிமண் கொண்டாந்து வச்சது."

அப்பா தேங்காயைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றார். "எங்களுக்கும் அவருதானே... அதே தொறையூருதானே..."

ஒரே குலசாமி என்றால் பங்காளி. பங்காளி வீட்டில் பெண் எடுப்பது கிடையாது. இதை நம் ஆட்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"அப்ப நீங்க மச்சான் இல்ல. எனக்கு அண்ணன்" என்றார் பெருமாள்.

எத்தனை தலைமுறைக்கு முந்தைய பாட்டன், இதெல்லாம் இப்போது யார் பார்க்கிறார்கள் என்று வாதாட வாயெடுத்தேன். அப்பாவைப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தார். ஒரு தங்கச்சியைத் தவிர தனக்கென்று யாருமில்லாமல் கடைச் சாமான்களுக்கு நடுவில் படுத்து வளர்ந்த மனிதருக்கு, ஒரு தம்பி கிடைத்திருக்கிறான். வாயை மூடிக்கொண்டேன்.

என் மருமகன் பட்டத்தை ஒரு கருங்கல் ரத்துச் செய்துவிட்டது.

சாப்பாட்டில் தர்ஷினி பக்கத்தில் வந்து, "அண்ணா, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா?" என்றார். எவ்வளவு சுலபமாக வருகிறது அந்த வார்த்தை! கொஞ்சம் தடுமாறியிருக்கக் கூடாதா?

அத்தோடு முடிந்ததா? பெருமாளின் மனைவி வாசல் பக்கம் பார்த்து, "ஆட்டோ தம்பி யாருங்க?" என்று கேட்டார். தன் தங்கச்சி மகன் என்றார் அப்பா. அவனுடைய தகப்பன் வழிக்கு வேறு சாமி என்பதையும் சேர்த்துச் சொன்னார். யார் கேட்டது?

அந்த அம்மா ஒரு நிமிடம் யோசித்துவிட்டுப் புருஷனிடம் திரும்பினார். "அப்ப அந்தத் தம்பிக்கு நீங்கதாங்க மாமன்."

சசி படியிலிருந்து எழுந்து, வேட்டி கட்டியிருந்தால் மடித்துக்கட்டியதை இறக்கிவிடுவான், அந்தப் பவ்வியத்தோடு "மாமா" என்றான். நான் கை கழுவிவிட்டு வந்தபோது குஷன் நாற்காலியில் அவன் இருந்தான்.

திரும்பும் வழியெல்லாம் விசிலடித்துக்கொண்டே வந்தான். பண்டாரவளை தாண்டியதும், "மச்சான், ஒனக்கு ஒன்னும் வருத்தமில்லையே?" என்று கேட்டான்.

"எனக்கென்ன வருத்தம்? தங்கச்சிதானே."

கொழும்பில் எவனோ கார் வாங்கினால் நமக்கு எரிகிறதா? இல்லை. கூடவே ஒரே தட்டில் சாப்பிட்டவன் குஷன் நாற்காலியில் உட்கார்ந்தால்தான் எரிகிறது. பொறாமை தூரத்துச் சொந்தம் அல்ல... மிகவும் நெருங்கிய சொந்தம்.

வீட்டில் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "போன்லயே கொலசாமி என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா முடிஞ்சுது. இத்தனை நாளா மச்சான் மச்சான்னு என்னாத்த பேசுனீங்க ரெண்டு பேரும்?"

எனக்கு ஒரு கடைசி நம்பிக்கை இருந்தது. ஒரு டீச்சர் போய் ஆட்டோ ஓட்டுகிறவனைக் கட்டிக்கொள்வாரா?

கட்டிக்கொள்வார். நான் எழுதுவதைப் படிக்க அவருக்குப் பிடிக்கும். சசி பேசுவதைக் கேட்கப் பிடித்துவிட்டது.

போன வாரம் கல்யாணம். தர்ஷினிக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. மாப்பிள்ளைக்கு மச்சான் மோதிரம் போட வேண்டியது பெண்ணின் அண்ணன். "அந்தக் கொறையக் கருப்பன் தீத்து வச்சுட்டான்" என்று பெருமாள் சித்தப்பா என் தோளைத் தட்டினார். மணவறையில் சசி விரலை நீட்டினான். போட்டேன்.

கால் பவுன். செய்கூலியோடு எண்பத்திரண்டாயிரம் ரூபாய்.