செருப்பு நின்றது, மாமன் போனார்

கம்ப்யூட்டரில் வெட்டினால் வெட்டினதுதான், திரும்ப வராது என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். நான் கேசட் காலத்து ஆள். கேசட்டில் ஒன்றின் மேல் இன்னொன்றைப் பதிந்தால் முதலாவது போயே போச்சு. அதே புத்தியோடுதான் ஏற்காடு கடைவீதியில், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் என் வீடியோ கடையில் கல்யாணங்களை வெட்டிக்கொண்டிருந்தேன்.

மவுஸை இழுத்து இழுத்து மணிக்கட்டு வீங்கியதும் ஷார்ட்கட் பழகினேன். திரையில் படத்தின் குறுக்கே ஓடும் கோடு நிற்கும் இடம்வரைக்கும், அந்தப் படத்துண்டில் உள்ளதை நீக்க க்யூ. அங்கிருந்து கடைசிவரை நீக்க டபிள்யூ. இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பட்டன். தவில் வாசிக்கிற வேகத்தில் தட்டினேன்.

செம்மநத்தத்துக் கல்யாணப் படம் முடிந்தது. முதல் ஆளாகப் பார்க்க வந்தவர் பெண்ணின் தாய்மாமன், கொட்டச்சேட்டுக்காரர். என் கடையில் நாற்காலி போட வாசலைத் தவிர வேறு இடம் கிடையாது. அவர் உட்கார்ந்தார், வாசல் அடைத்துக்கொண்டது.

தோரணம் வந்தது. மேளம் வந்தது. அடுத்து சீர் வரிசை வரவேண்டும். வந்ததோ, ஈரமண்ணில் நடக்கும் இரண்டு ரப்பர் செருப்பு.

"ஏனுங்க, இது யாரு காலுங்க?"

"என்னோடதுங்ணா."

"காலு நல்லாத்தான் இருக்குதுங்க. எஞ்சீரு எங்கீங்க?"

எனக்கு விளங்கிவிட்டது. அவசரத்தில் காமிராவை முன்கூட்டியே ஓடவிட்டு, கீழே தொங்கவிட்டபடி சீர் வரிசையைப் பார்த்து ஓடியிருக்கிறேன். அந்தப் படத்துண்டின் முன்பாதியில் செருப்பு, பின்பாதியில் மாமன். க்யூவைத் தட்டிச் செருப்பை நீக்குவதற்குப் பதில் டபிள்யூவைத் தட்டி மாமனை நீக்கிவிட்டேன்.

"கரண்டு ஏறி எறங்குனதுல கொஞ்சம் கரைஞ்சிருச்சுங்ணா."

"என்னையக் கரைச்ச கரண்டு உங்க செருப்ப மட்டும் விட்டுருச்சுங்களா?"

எழுந்து ஓடலாம் என்றால் வாசலை அவர் அடைத்திருந்தார். மேசைக்கு அடியில் நுழையலாமா என்று பார்த்தேன். என் தொப்பை ஒத்துழைக்காது.

அவர் குரல் இறங்கியது. "மாப்பள ஊட்டுக்காரங்க என்னைய வெட்டியெடுக்கச் சொன்னாங்களா? பந்தியிலயும் எங்களக் கடேசியாத்தான் உக்கார வெச்சாங்க. மறைக்காம சொல்லுங்க. நாளைக்கே போயி புள்ளயக் கூட்டியாந்தர்றேன்."

ஆமாம் என்று தலையாட்டினால் நான் தப்பித்தேன், பெண் மாட்டினாள்.

"யாரும் சொல்லலீங்ணா. நாந்தான் பட்டனை மாத்தி அமுக்கிட்டேன்."

"செரி, திருப்பிக் கொண்டாங்க."

"வெட்டுனது வராதுங்ணா." துக்கம் விசாரிக்கிறவன் குரலில் சொன்னேன்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் செருப்பையாவது கண்ணிலிருந்து அகற்றலாம் என்று மவுஸைப் பிடித்தேன். பிடித்த இடம் தவறி, படத்துண்டின் ஓரம் மாட்டிக்கொண்டு வலப்பக்கமாக நீண்டது. ஓட்டினேன். செருப்பு நின்றது, காமிரா நிமிர்ந்தது, வாழைத்தாரைத் தோளில் சுமந்து மாமன் வந்தார்.

"நானேதானுங்க! நொம்ப நல்லா வந்திருக்குது!"

விஷயம் இவ்வளவுதான். க்யூவும் டபிள்யூவும் எதையும் அழிப்பதில்லை, மறைத்து வைக்கின்றன. காமிராவில் எடுத்தது முழுசாக அதன் கோப்பில் அப்படியே கிடந்தது. ஓரத்தை இழுத்தால் வெளியே வரும். மாமன் தன்னைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கொட்டச்சேட்டுக்குக் கிளம்பினார். பெண்ணைக் கூட்டிவர யாரும் போகவில்லை.