பச்சைப் பெட்டி

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஒரு கடிதம் எழுதுவதற்கே இரண்டு முறை யோசிப்பேன். அப்படிப்பட்டவள் அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவள் தலைமை ஆசிரியையாக இருந்ததும், பிறகு முனிசிபாலிட்டி உறுப்பினராகித் தெருத்தெருவாகக் குழாய் போட வைத்ததும் ஊருக்கே தெரியும். எனக்குத் தெரிந்தது ஒரு பாவாடை விஷயம்.

அக்கா என் பெரிய மாமாவின் மகள். ஆம்பூருக்கு அடுத்த எங்கள் ஊரில் மாமா முனிசிபல் தேர்தலுக்கு நின்றார். அக்காவுக்கு வேலூர் போய் ஆசிரியைப் பயிற்சி படிக்க வேண்டும். கேட்டுக் கேட்டு அலுக்க வைத்ததில் மாமா ஒருநாள் சிரித்துக்கொண்டே, "தோல் ஷாப் தெரு பொம்பளைங்க ஓட்ட வாங்கிக் குடு, அனுப்புறேன்" என்றார். தோல் பதனிடுகிறவர்கள் குடியிருந்த, எங்கள் வீட்டுப் பெண்கள் கால் வைக்காத தெரு அது. போகமாட்டாள் என்று நினைத்துத்தான் சொல்லியிருக்கிறார். அவள் அன்றைக்கே போனாள். துணைக்கு ஒன்பது வயதான நான்.

அப்போது வரி கட்டுகிறவர்களுக்குத்தான் ஓட்டு. அந்தத் தெருவில் வீட்டு வரி கட்டி, ஓட்டு இருந்த பெண்கள் பதினேழு பேர். எழுத்துத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி. "எங்கப்பாவுக்குப் பச்சப் பெட்டி" என்று அக்கா வீடு வீடாகச் சொன்னாள். அவர்களும் தலையாட்டினார்கள்.

தேர்தல் அன்று பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தோம். ஓட்டுப் போட்டுவிட்டு முதலில் வெளியே வந்த தோல் ஷாப் தெரு அம்மாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போட்டுட்டேன் பாப்பா. நல்ல பச்சப் பொட்டி. மர வாசன கூட இன்னும் போவல."

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. எதிராளியின் பெட்டிக்கு வர்ணமே பூசவில்லை, வெறும் புதுப் பலகை.

"பச்ச கலரும்மா!"

"கலருன்னு நீ எங்க சொன்ன? எங்களுக்குப் பச்சன்னா பதம் பண்ணாததும்மா. பச்சத் தோலுன்றமே, அது இன்னா பச்சையாவா கீது?"

அவளுக்குப் பின்னால் மூன்று பேர் அதேபோலப் போட்டுவிட்டு வந்தார்கள். மற்றவர்கள் இன்னும் வீட்டில் இருந்தார்கள்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தீபாவளிக்கு எடுத்த பச்சைப் பாவாடை கட்டியிருந்தேன். "கழட்டு" என்றாள். உள்பாவாடையோடு நின்று நான் கதறக் கதற, அதைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு உச்சி வெயிலில் ஓடினாள். வண்டியில் திரை போட்டுப் போகிற வீட்டுப் பெண் தெருவில் ஓடுவதைக் கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"இன்னாம்மா, எலக்சன்ல துணி வியாபாரமா?" என்றான் எதிர்க்கட்சிக்காரன் ஒருவன்.

"ஆமா, உனக்கும் ஒரு மொழம் கிழிக்கவா?" என்றாள் அக்கா, நிற்காமல்.

பதின்மூன்று வீட்டிலும் ஆளுக்கொரு துண்டு கொடுத்து, "இந்தக் கலரு எந்தப் பொட்டியோ, அதுல போடுங்க" என்றாள்.

சாயங்காலம் மாமா ஒன்பது ஓட்டில் ஜெயித்தார். மாலையும் கழுத்துமாக, "தோல் ஷாப் தெரு என் பேச்சுக்குக் கட்டுப்பட்டது" என்று கூட்டத்தில் பேசினார். கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்து அக்கா முன்னால் வந்தாள்.

"அப்பா, வேலூரு?"

"அதுக்கென்னா, பாக்கலாம்."

"பாக்கலாம்னு நீங்க சொல்லல. அனுப்புறேன்னு சொன்னீங்க."

கூட்டம் மாமாவைப் பார்த்தது. அவர் மாலையைச் சரிசெய்துகொண்டார். "அனுப்புறேன்னுதாம்மா சொன்னேன்" என்றார்.

இதை வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கக் கூடாதா, அங்கே நான் உள்பாவாடையோடு நிற்க வேண்டியிருக்காதே என்றுதான் எனக்குக் கோபம். வீட்டுக்குள் மாமா எத்தனை முறை அவளிடம் "பார்க்கலாம்" சொல்லியிருந்தார் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

மறுநாள் மாமா வேலூர்ப் பயிற்சிப் பள்ளிக்குக் கடிதம் எழுதினார். அக்கா அதைத் தானே கொண்டுபோய்த் தபாலில் போட்டாள்.