அகல் கூடைக்குள் சிவப்பு மாத்திரைகள்

1989-ஆம் வருடம், ஐப்பசி மாதம். திருவண்ணாமலையில் தேரடிக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் குடியிருந்தோம். நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனாருக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். மாமியார் காலமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. தாய்வீடு என்று அவளுக்கு இருந்தது நானும் என் கணவரும்தான்.

பரிசோதித்த டாக்டரம்மா, ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏழுதான் இருக்கிறது, இப்படியே விட்டால் பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போனாலும் பெண் தாங்கமாட்டாள் என்றார். சிவப்பு நிற இரும்புச்சத்து மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். வழி நெடுக அவள் கையைப் பிடித்துக்கொண்டே பயத்தோடு வீடு வந்தேன்.

ஆனால் பாருங்கள், அந்தப் பயத்திலும் எனக்குள் இருந்த வாத்தியார் அடங்கவில்லை. அந்தக் கோடை விடுமுறையில்தான் சென்னையில் ஆசிரியர் பயிற்சி வகுப்பு ஒன்றுக்குப் போய் வந்திருந்தேன். டி.என்.ஏ.விலிருந்து தூது ஆர்.என்.ஏ., அதிலிருந்து புரதம் என்று பத்து வருடமாக ஒரே நேர்க்கோட்டில் பாடம் நடத்தியவள் நான். நடுவில் வேறு சில புரதங்கள் அந்தத் தூது ஆர்.என்.ஏ.வின் மேல் உட்கார்ந்துகொண்டு, இதைப் படி, அது காத்திருக்கட்டும், இதை அழிக்காதே என்று நாட்டாமை பண்ணுகின்றன என்று அங்கே கேட்டு அசந்து போயிருந்தேன்.

கேட்க ஆள் கிடைத்தால் விடுவேனா? பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த நாத்தனாரிடம் ஆரம்பித்துவிட்டேன். செல்லுக்குள் இரும்பைச் சேர்த்து வைக்க ஒரு புரதம் உண்டு, டப்பா மாதிரி. அந்த டப்பாவைச் செய்யச் சொல்லும் சீட்டுதான் தூது ஆர்.என்.ஏ. இரும்பு கம்மியாக இருந்தால் இன்னொரு புரதம் வந்து சீட்டின் தலைப்பைப் பிடித்துக்கொண்டு படிக்க விடாது. சேர்த்து வைக்கவே ஒன்றுமில்லை, டப்பா எதற்கு? அதே புரதம், வெளியிலிருந்து இரும்பை உள்ளே இழுக்கிற வேலைக்கான சீட்டின் வாலில் ஒட்டிக்கொண்டு, அது சிதையாமல் காப்பாற்றும். இரும்பு வந்து சேர்ந்ததும் இரண்டையும் விட்டுவிடும். உன் உடம்பு கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது, நீ மாத்திரையைப் போடு என்று முடித்தேன். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அவள் வளையலைத் திருகிக்கொண்டே எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் அதே ஏழு. ஆஸ்பத்திரி வாசலிலேயே அவளைப் பிடித்துக்கொண்டேன். ஒழுங்காக மாத்திரை போடுகிறாயா இல்லையா என்று நான்கு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கேட்டேன். போடுகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

தீபத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அகல் விளக்குகளைக் கழுவலாம் என்று அடுப்படி மூலையில் இருந்த கூடையை எடுத்துக் கவிழ்த்தேன். அகல்களோடு காகிதப் பொட்டலங்களும் விழுந்தன. அத்தனையும் மாத்திரைகள்.

கோபம் தலைக்கேறியது. நன்றாக நான்கு வாங்கு வாங்கலாம் என்று பொட்டலத்தோடு பின்கட்டுக்குப் போனேன். விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என் கையைப் பார்த்தாள். உதடு வெளுத்து, முகம் ஊதி, திருட்டு வெளியான குழந்தை மாதிரி இருந்தாள். அந்த முகத்தைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் கையிலிருந்த பஞ்சை வாங்கி நானும் திரிக்க ஆரம்பித்தேன். என்ன பண்ணியது என்று மட்டும் கேட்டேன்.

என் விரல்கள் திரிப்பதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மூணு நாள் போட்டேன் அண்ணி. வெளிக்கு தார் மாதிரி கறுப்பா போச்சு. உள்ள ரத்தம் கெட்டு, கொழந்தைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்துட்டேன். அம்மா இருந்தா கேட்டிருப்பேன். டீச்சர் நீங்க, உங்ககிட்ட இதைப் போய் எப்படிச் சொல்றதுன்னு..."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. இரும்பு மாத்திரை போட்டால் அப்படித்தான் போகும், பயப்பட ஒன்றுமில்லை. அது எனக்குத் தெரியும். செல்லுக்குள் நடக்கிற ரகசியத்தை ஒரு மணி நேரம் சொன்னவள், இந்த ஒரு வரியைச் சொல்லவில்லையே. தப்பு என்னுடையதுதான் என்று சொல்லி, அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன்.

அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "இரும்பு கம்மியா இருந்தா சீட்டைப் புடிச்சுக்கும், படிக்க விடாதுன்னு சொன்னீங்களே. நானும் அப்படித்தான் புடிச்சுக்கிட்டு இருந்தேன் அண்ணி. நீங்க பக்கத்துல வந்து உக்காந்தப்புறம்தான் விட முடிஞ்சுது."

நான் நடத்திய பாடத்தில் ஒரு வார்த்தையைக்கூட அவள் விடவில்லை. நான்தான் அவளை ஒருநாளும் பேசவிட்டுக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு நானே அவள் உள்ளங்கையில் மாத்திரையை வைத்தேன். மார்கழிக் கடைசியில் ரத்தம் பத்தைத் தொட்டது. தை மாதம், இதே ஊர் ஆஸ்பத்திரியில், பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.

இன்றைக்கும் யாராவது நான் சொல்வதற்கெல்லாம் பேசாமல் தலையாட்டினால், பேச்சை நிறுத்திவிட்டு அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.