கன்ஃபர்ம் பட்டன்

விண்டோ மூடிய மறுநாள் காலையில் மெடிக்கல் இன்சூரன்ஸ் லிஸ்ட் வந்தது. செல்வம் அண்ணன் பேருக்கு நேரே அவருடைய அம்மா பெயரே இருந்தது. மாமியார் பெயர் இருந்திருக்க வேண்டும். மாற்றியது நான்தான். மாறவில்லை.

ஹைதராபாத் கச்சிபௌலியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. ஹெச்.ஆரில் பெனிஃபிட்ஸ் டெஸ்க்கில் அசிஸ்டென்ட் நான். பத்தாவது ஃபெயில். முதலில் எல்லாம் பேப்பர் ஃபாரம். ஒருதடவை எழுதிக் கொடுத்தால் ரத்து செய்யும்வரை அதுதான். பிறகு ஃப்ளெக்ஸி பிளான் வந்தது. எல்லாம் நெட்டில். வருஷத்துக்கு ஒருமுறை, ஏப்ரலில் பத்து நாள் விண்டோ திறக்கும். வேண்டியதை அவரவரே எடுத்துக்கொள்ளலாம். மெடிக்கலில் மட்டும் பெற்றோர், இல்லையென்றால் மாமனார் மாமியார். ஏதாவது ஒரு பக்கம்தான்.

இன்ஜினியர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் போட்டுவிடுவார்கள். டிரைவர்கள், பேன்ட்ரி ஆட்கள் பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி என் டேபிளில் வைத்துவிட்டுப் போவார்கள். நானே போட்டுவிடுவேன். தப்புதான். அப்படித்தான் நடந்தது.

செல்வம் அண்ணன் கம்பெனி டிரைவர். லோத்குண்டாவில் வீடு. அப்பாவும் மாமனாரும் முன்பே போய்விட்டார்கள். அம்மாவும் மாமியாரும் அவரோடுதான் இருந்தார்கள். மாமியார் அவருக்குச் சொந்த அத்தை. அத்தைக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ஆபரேஷன் செய்யச் சொல்லியிருந்தார்கள். அம்மா திடமாக இருந்தார்.

"இந்த வருஷம் அத்தையப் போடு ராஜு. எனக்கு என்ன கேடு, அவளப் போடுன்னு எங்கம்மாவே சொல்லிடுச்சு" என்றார்.

போட்டேன். 'சேவ்' அமுக்கினேன். ஸ்க்ரீனை இறக்கினால் அடியில் இன்னொரு பட்டன், 'கன்ஃபர்ம்'. அதை அமுக்கவில்லை. பேப்பரில் எழுதினால் எழுதியதுதான். அந்தப் பழக்கம். மற்றவர்களுக்கும் அமுக்கவில்லை; அவர்களுக்கெல்லாம் போன வருஷம் இருந்ததேதான் வேண்டியிருந்தது, அதனால் வித்தியாசம் தெரியவில்லை.

எங்கள் ஹெச்.ஆர். மேடத்திடம் போய் நின்றேன். திட்டவில்லை.

"லாக் ஆயிடுச்சு ராஜு. நடுவுல திறக்கணும்னா கல்யாணம், குழந்தை, சாவு, இந்த மூணுல ஒண்ணு நடக்கணும்."

இரண்டு தடவை மெயிலும் போட்டுப் பார்த்தார். இன்சூரன்ஸ்காரர்கள் முடியாது என்றுவிட்டார்கள்.

அண்ணனிடம் பார்க்கிங்கில் சொன்னேன். வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடி.

"டென்ஷன் நக்கோ, விடு ராஜு. அடுத்த ஏப்ரல்ல பாத்துக்கலாம்" என்றார். வலி ஒன்றும் இல்லை, தள்ளிப் போடலாம் என்று அத்தையும் சொன்னாராம்.

நவம்பரில் அவருடைய அம்மா போய்விட்டார். மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் அங்கேயே விழுந்தார். அண்ணனுடைய லீவுக்காக விவரத்தை சிஸ்டத்தில் ஏற்றியது நான்தான். அன்றைக்கே போர்ட்டல் தானாக மெயில் அனுப்பியது. பெனிஃபிட்ஸை மாற்றிக்கொள்ள முப்பது நாள் அவகாசம் என்று.

காரியம் முடியும்வரை நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பதினெட்டாம் நாள் அவரே வந்தார். மொட்டைத் தலை. பக்கத்தில் நாற்காலி போட்டேன். அம்மா பெயரை நீக்கினேன். அத்தை பெயரைப் போட்டேன்.

"எங்கம்மாவே வழி விட்டுருச்சு, பாத்தியா" என்றார்.

ஸ்க்ரீனை இறக்கி, மவுஸை அவர் கையில் கொடுத்தேன். அவரே அமுக்கினார்.

ஆபரேஷன் நடந்தது. ஆறு மாதம் முன்னால் வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். பிப்ரவரியில் அத்தையும் இல்லை.

ஏப்ரலில் விண்டோ திறந்தது. அண்ணன் சீட்டு வைக்கவில்லை. வந்து உட்கார்ந்தார். பெற்றோர் பக்கம் காலி. மாமனார் மாமியார் பக்கமும் காலி. அப்படியே கன்ஃபர்ம் செய்தார்.

"ஆயிடுச்சா ராஜு?"

"ஆயிடுச்சுண்ணே."

அதற்குப் பிறகு யார் பாஸ்வேர்டையும் நான் வாங்கியதில்லை. ஆளைப் பக்கத்தில் உட்காரவைப்பேன். கடைசி பட்டனை அவர்கள் விரல்தான் அமுக்க வேண்டும். டெஸ்க்குக்குப் புதிதாக வருகிறவர்கள், இப்படிச் செய்தால் நேரம் போகிறது என்பார்கள்.

போகட்டும்.