க்ளோவிஸின் பதினாறு ஆவர்த்தனம்

குடிகாரன் உளறுகிறான் என்பீர்கள். நான் குடிப்பேன்தான். ஆனால் அன்று ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. 1953 ஆகஸ்ட் 13, வியாழக்கிழமை, பட்டப்பகல். பேய்க்கு நடுச்சாமம்தான் வேண்டும் என்று சொன்னவன் நியூ ஆர்லியன்ஸ் வெயிலில் நின்று பார்த்தவன் இல்லை.

எங்கள் ஜாஸ் குழுவின் தலைவர் அல்சீட் மெட்டோயர். எல்லோருக்கும் அவர் 'பாப்பா'. அவர் எழுதிய பாட்டுகளை வாசிக்காத ஊர் இல்லை. இசைக்குறிப்புத் தாளின் தலைப்பில் டிரம்பெட், டிரம் என்றெல்லாம் எழுத மாட்டார். வாசிக்கிற ஆளின் பெயரைத்தான் எழுதுவார். என் தாளில் 'தியோ' என்றிருக்கும். ஒரு பாட்டின் நடுவில் மட்டும் பதினாறு ஆவர்த்தனம் வெறுமையாக இருக்கும், அதன்மேல் 'க்ளோவிஸ்' என்றிருக்கும்.

க்ளோவிஸ் அவருடைய ஒரே மகன். என் சிநேகிதன், என்னைவிட நூறு மடங்கு டிரம்பெட்காரன். 1931இல் ஏரிக்கு அந்தப் பக்கம் நான் வாசிக்க வேண்டிய நடன விருந்து ஒன்று. உதடு வீங்கிவிட்டது என்று பொய் சொல்லிவிட்டு ஒரு பெண்ணைப் பார்க்கப் போனேன். எனக்குப் பதிலாக அவன் போனான். திரும்பும்போது படகு கவிழ்ந்தது. அவனுக்குப் பத்தொன்பது வயது.

அவன் நாற்காலியில் பாப்பா என்னை உட்கார வைத்தார். அந்தப் பதினாறு ஆவர்த்தனம் வரும்போது குழுவே நிறுத்திவிடும். ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். டிரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் மனசுக்குள் எண்ணுவேன். சபை அழும். பத்திரிகைகள் அந்த மௌனத்தை மேதைமை என்று எழுதின. இருபத்திரண்டு வருஷம் எண்ணினேன். நான் சொன்ன பொய்யை மட்டும் வாயைத் திறந்து ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த ஏப்ரலில் பாப்பா போய்ச் சேர்ந்தார். ஆகஸ்டில் அவர் பாட்டை இசைத்தட்டாக்க க்ரேடி என்பவன் வந்தான்.

"ஒரு நிமிஷம் சத்தமே இல்லன்னா ஊசி உடைஞ்சிடுச்சுன்னு தட்டைத் திருப்பிக் கொண்டாந்துடுவாங்க, மிஸ்டர் தியோ. அந்த எடத்தை நீங்க நிரப்புங்க. இல்லன்னா இந்தப் பாட்டே வேணாம்."

"பாப்பா இருந்திருந்தா உன் தோலை உரிச்சு என் டிரம்முக்குக் கட்டியிருப்பார்டா," என்றான் எங்கள் டிரம்காரன் ஹோசியா. "நான் குச்சியத் தொட மாட்டேன்."

"அவர் பாட்டு அவரோடயே போகட்டும்ங்கிறியா?" என்றேன். அவன் முனகிக்கொண்டே குச்சியை எடுத்தான்.

3.20. ஒலிநாடா சுழன்றது.

3.22. அந்த இடம் வந்தது. எல்லோரும் நிறுத்தினார்கள். நான் ஊதினேன்.

சத்தம் வரவில்லை.

மூச்சு போகிறது. கன்னம் உப்புகிறது. ஆனால்...

சொட்.

என் இடப்பக்கம். சொட்... சொட்... யாரோ டிரம்பெட்டிலிருந்து தண்ணீர் வடிக்கிறார்கள். நாங்கள் எல்லோரும் செய்வதுதான், மூச்சின் ஈரம் நாலு துளி விழும். இது நிற்கவில்லை. ஊற்றியது.

என் காலுறை நனைந்தது. ஏரிச் சேற்றின் வாடை.

திரும்பவில்லை.

முடியவில்லை...

3.23. ஹோசியாவின் டிரம் அதிர்ந்தது. பாட்டு முடிந்ததும் க்ரேடி கைதட்டினான்.

"இப்படி வாசிப்பீங்கன்னு தெரியாமப் போச்சே!"

ஹோசியாவின் முகம் வெளிறிக் கிடந்தது. "அது நீ இல்லடா," என்றான்.

நாடாவைத் திருப்பிப் போட்டார்கள். முதல் பதினொரு விநாடி தண்ணீர்ச் சத்தம். பிறகு டிரம்பெட். பன்னிரண்டு வயதிலிருந்து நான் பக்கத்தில் நின்று கேட்ட டிரம்பெட். குழந்தை மாதிரி அழுதேன். தரையைப் பார்த்தேன், காய்ந்திருந்தது. என் காலுறை மட்டும் ஈரம்.

இசைத்தட்டு வந்ததும் பாப்பாவின் மனைவி மிஸ் யூலாலியிடம் கொண்டுபோனேன். காபி ஆறிப்போகும்வரை கேட்டார்.

"என் புள்ளதான். படகு ஏறின அன்னிக்கு மத்தியானம் அடுக்களைல நின்னு இதத்தான் வாசிச்சுப் பார்த்தான். என்னையும் அவரையும் தவிர யாரும் கேட்டதில்ல."

எனக்கு நெஞ்சு உடைந்துவிட்டது. "மிஸ் யூலாலி... அன்னிக்கு என் உதடு..."

"வீங்கல. தெரியும்ப்பா."

மிஸ் யூலாலி இசைத்தட்டின் ஊசியைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

"போறப்பவே சிரிச்சுக்கிட்டு சொன்னான். 'தியோவுக்கு ஒண்ணுமில்லம்மா, பொண்ணப் பார்க்கப் போறான், காட்டிக் குடுத்துடாதீங்க'ன்னு. அவரும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தார்."

"பாப்பாவுக்கும் தெரியுமா?"

"தெரியாமலா உன் தாள்ல அவன் பேரை எழுதினார்? அந்த நேரத்துல உன் மனசு உறுத்தாதா, எறங்கி வந்து சொல்ல மாட்டியான்னுதான். சொல்லியிருந்தா கட்டிப் புடிச்சிருப்பார். தினமும் வீட்டுக்கு வந்து, 'இன்னிக்கும் சொல்லல யூலாலி'ன்னுட்டு விளக்கை அணைப்பார்."

சாகிற அன்றும் மூன்று தரம் கேட்டாராம், "தியோ வந்தானா?" என்று. நான் போகவில்லை. யார் வீட்டுக் கல்யாணத்திலோ டிரம்பெட் வாசித்துக்கொண்டிருந்தேன்.