காரணம் எழுதாத வரைபு

கணித ஆய்வு எழுதுவது எப்படி என்று மாத்தளை மாவட்டத்திலேயே தனக்கு மட்டும்தான் தெரியும் என்று எங்கள் சேர் நம்பினார். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த கணித ஆசிரியர். வந்த நாளிலிருந்தே திரும்பிப் போகும் உத்தரவுக்குக் காத்திருந்தார். அது வராத எரிச்சலையெல்லாம் இறக்கிவைக்க அவருக்கு எங்கள் வகுப்பு வாய்த்தது.

தலைப்பு, நோக்கம், செய்த முறை, அட்டவணை, வரைபு, முடிவு. இந்த ஒழுங்கு பிசகக் கூடாது. இடப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு ஓரம் விட வேண்டும். தலைப்புக்குக் கீழே இரட்டைக் கோடு. அட்டவணையின் கோடுகள் பென்சிலால், எண்கள் பேனாவால். ஒரு பையன் வரைபுத் தாளை மடித்துக் கொண்டுவந்தான் என்பதற்காக அவன் கண் முன்னாலேயே அதை நாலாகக் கிழித்து, "இப்ப வடிவா மடியும், கொண்டு போ" என்றார். நாங்கள் சிரித்தோம். சிரிக்காவிட்டால் அடுத்த தாள் நம்முடையதாக இருக்கும்.

"கலியாணப் பொம்பிளை மாதிரித்தான் கணக்கும். வடிவா உடுத்தித்தான் சபைக்குக் கொண்டு வரவேணும்," என்பார். உடுத்தினால் மட்டும் போதாது என்றும் சொல்வார். புள்ளியில், அதாவது மதிப்பெண்ணில், பெரிய பங்கு முடிவுக்குத்தான். உன் வரைபில் என்ன தெரிகிறது, அது ஏன் அப்படி இருக்கிறது என்று எழுத வேண்டும். 'ஏன்' இல்லாத ஆய்வு அவருக்குக் குப்பை. இந்த ஒன்றில் மட்டும் அந்த மனிதர் சொன்னது சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதனால் அவர் மேல் எனக்குள்ள கோபம் கொஞ்சமும் குறையவில்லை.

அந்த ஆய்வின் புள்ளியையும் சேர்த்துத்தான் மேல்வகுப்பில் கணிதம் படிக்க ஆள் எடுப்பார்கள். இடம் குறைவு. நான் இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். இடம் கிடைக்காவிட்டால் அம்மா தோட்டத்தில் கொழுந்து பறிக்க என் பேரைப் பதிந்துவிடுவாள். அம்மா இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்று சொல்வதைப் போலச் சொல்லி வைத்திருந்தாள்.

நான் எடுத்த தலைப்பு கொழுந்து எடை. அம்மா கொழுந்து பறிக்கிறவள். மாலையில் பெண்கள் கூடைகளோடு நிறுவைக் கொட்டகைக்கு வருவார்கள். கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்து ஒவ்வொருத்தியின் எடையையும் ஊருக்கே கேட்கிற மாதிரிக் கூவுவார். பள்ளி விடுமுறை முழுவதும் நான் ஒரு கல்லில் உட்கார்ந்து அவர் கூவியதை எழுதினேன். தோட்டம் நாளுக்கென்று குறித்த எடை இருந்தால் அன்றைக்கு முழுப் பேர், அதாவது முழுநாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர்.

வரைபில் புள்ளிகள் சிதறிக் கிடக்கும் என்று எதிர்பார்த்தேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே கை விரல் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் பறிக்கிற குமரிகளும் இருந்தார்கள், இருமி இருமிப் பறிக்கிற கிழவிகளும் இருந்தார்கள். ஆனால் தாளில் வைத்துப் பார்த்தால் எல்லாப் புள்ளிகளும் குறித்த எடைக்குச் சற்று மேலே, அணிவகுப்பில் நிற்கிற மாதிரி நின்றன. அடுத்த நாளும் அப்படி. மழை நாளிலும் அப்படி. இதற்கு ஒரு 'ஏன்' கண்டுபிடித்தால் மேல்வகுப்பு என் கையில்.

மறுநாள் அம்மாவுக்குத் தேயிலைச் சாயத்தண்ணி கொண்டு போகிற சாக்கில் மலைக்குப் போனேன். கங்காணி மேற்பார்வையை விட்டு வெற்றிலை போடப் போன நேரம். வேகமாகப் பறித்த பெண்கள் தங்கள் கூடையிலிருந்து கை நிறைய அள்ளி, பின்தங்கியவர்களின் கூடையில் போட்டார்கள். ஒரு பேச்சில்லை, யாரும் நன்றி சொல்லவுமில்லை. எங்கள் வீட்டுக்கு அடுத்த காம்பராவில் இருந்த அக்கா நிறைமாதம். அவள் கூடையில்தான் அதிகம் விழுந்தது. நிமிர்ந்தவள் என்னையும் என் கையிலிருந்த தாளையும் பார்த்துவிட்டாள்.

"புள்ள, இத எழுதிப்புடாத. தொர காதுக்குப் போனா எனக்கு அரைப் பேரு போட்ருவாங்க. வேகமா எடுக்கிறவளுக்கு எடையக் கூட்டிருவாங்க. ஒன்னய கும்புடுறேன்," என்றாள்.

அவள் பயம் நியாயமாகத்தான் பட்டது. நல்ல புள்ளி எடுத்த ஆய்வுகளைப் பள்ளி மண்டபச் சுவரில் ஒட்டிக் கண்காட்சி வைப்பார்கள். சுற்றுவட்டாரத் தோட்டத் துரைமாரும் விருந்தாளிகளாக வருவார்கள். எங்கள் வெள்ளைக்காரத் துரையும் வருவார். நான் அந்த அக்காவின் கையைப் பிடித்து, எழுதமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். வீட்டில் அம்மாவிடம்கூட வாய் திறக்கவில்லை. பெரிய தியாகி என்று எனக்கு என்னைப் பற்றி நினைப்பு.

முடிவில் வேறு காரணம் எழுதினேன். தேயிலைச் செடிகள் எல்லாம் ஒரே வயது, அதனால் கொழுந்தும் ஒரே அளவு என்று. ஓரம் இரண்டு விரல், இரட்டைக் கோடு, ஒரு கறை கிடையாது.

சேர் என் தாளை வகுப்பில் உயர்த்திப் பிடித்தார். பாராட்டப் போகிறார் என்று ஒரு கணம் நம்பினேன். அந்தக் கணத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

"வடிவான வரைபு. இந்த வகுப்பிலையே இதுதான் வடிவு. ஆனா பிள்ளை, செடிக்கு ஒரே வயசெண்டா, பறிக்கிறவைக்கும் ஒரே வயசோ? எல்லாருக்கும் ஒரே கையோ?"

கடைசி இருக்கை வரிசைவரை சிரிப்பு போனது.

"உம்மட அம்மா கொழுந்து பிடுங்கிறவ தானே? அவவைக் கேட்டனீரோ?"

"கேக்கல சேர்."

"ஏன் கேக்கேல்லை? கொம்மாவோட கதைக்க வெக்கமோ?" சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். "சரி, ஒரு சந்தர்ப்பம் தாறன். இந்தப் புள்ளியள் ஏன் சிதறேல்லை? ஒரு வசனம் சொல்லும். புள்ளியைக் கூட்டிப் போடுறன்."

அந்த ஒரு வசனம் என் நாக்கின் நுனியில் இருந்தது. வகுப்பில் அதைச் சொல்லக் கூடியவள் நான் ஒருத்தி. பேசாமல் நின்றேன்.

"தெரியாது," என்று அவரே வகுப்புக்குச் சொன்னார். "தோட்டத்திலை பிறந்து, தேயிலைக்குள்ளை வளந்து, தேயிலையைப் பற்றி ஒண்டும் தெரியாது. எண்களை மட்டும் எழுதத் தெரியும். அதுக்குக் கணக்கப்பிள்ளை போதும். இருங்கோ மகாராணி."

முடிவுப் பகுதியைக் குறுக்கே வெட்டிப் பூச்சியம் போட்டார்.

அந்த வகுப்பில் அதிக புள்ளி பலாபத்வலையில் கடை வைத்திருந்தவரின் மகனுக்கு. முற்றத்தில் போத்தல் வைத்துத் தினமும் மழை அளந்ததாக எழுதியிருந்தான். பஸ் தரிப்பிடத்தில் என்னிடம் அவனே சொன்னான்: "போத்தலாவது மழையாவது! ஒரே இருப்புல ஒக்காந்து எழுதினேன். மழை எப்ப பெஞ்சிருக்கும்னு நெனச்சுப் பாத்து எழுத வேண்டியதுதானே, மக்கு." அவன் முடிவில் பருவக்காற்று என்று ஒரு காரணம் எழுதியிருந்தான். பாடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. சேர் அதை வாசித்து உருகிப் போனார். கண்காட்சிச் சுவரின் நடுவில் ஒட்டினார்கள். அவன் மேல்வகுப்புக்குப் போனான். நான் போகவில்லை.

மேல்வகுப்புப் பட்டியல் வந்த அன்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். எதற்காக வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்பதையும் சொன்னேன். கட்டிப்பிடிப்பாள், தலையைத் தடவுவாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா ரொட்டி தட்டிய கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இதுக்கா வாய மூடிக்கிட்டு நின்ன?"

"தொரைக்குத் தெரிஞ்சிருமேம்மா."

"அட கூறு கெட்டவளே! கங்காணிக்குத் தெரியாதா? அவன் பொஞ்சாதி என்னைக்கு ஒழுங்கா பறிச்சா? அவ கூடையில விழறதெல்லாம் எங்க கொழுந்துதான். அதுக்காகத்தான் அவன் தெனமும் வெத்தல போடப் போறான். கணக்கப்பிள்ளைக்கும் தெரியும். எடை மொத்தமா வந்து சேந்தா அவருக்குப் போதும்."

"தொரை?"

"தொரைக்குத் தமிழு வாசிக்கத் தெரியுமாடி?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. மண்டபச் சுவரில் என் முழு ஆய்வையும் ஒட்டியிருந்தாலும் அந்த வெள்ளைக்காரர் இரட்டைக் கோட்டைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்.

"நாங்க பட்டது போதும்னு ஒன்னய பஸ்ஸு ஏத்தி அனுப்புனா, நீ எங்களக் காப்பாத்த வந்துட்ட. ஒன்னய யாருடி கேட்டா?" என்றாள் அம்மா. பிறகு ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். அன்றைக்கு அவள் எனக்குச் சோறும் போடவில்லை, ரொட்டியும் தரவில்லை. நானே எடுத்துச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் என் பேரைப் பதிந்தார்கள்.

முதல் நாள் மலையில் என் விரல்கள் மரத்துப் போயின. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ள வேண்டிய இடத்தில் முற்றின இலை கையோடு வந்தது. மதியம் தாண்டியும் கூடையின் அடி தெரிந்தது. கங்காணி வெற்றிலை போடப் போனார். பக்கத்து நிரையிலிருந்து ஒரு கை நீண்டு என் கூடையில் கொழுந்தைக் கொட்டியது. அந்த அக்காதான். பிள்ளையைப் பெற்று, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு, மலைக்குத் திரும்பியிருந்தாள். நான் செய்த சத்தியத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு அது மறந்துகூடப் போயிருக்கும்.

"நாள் போகப் போக வந்துரும், அழுவாத," என்றாள்.

அவள் கையைத் தட்டிவிட வேண்டும் போல ஆத்திரம் வந்தது. தட்டிவிட்டிருந்தால் அரைப் பேர். கூடையை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் சாய்த்துக் கொடுத்தேன். பின்னால் இன்னும் இரண்டு பேர் அள்ளிப் போட்டார்கள்.

மாலையில் நிறுவைக் கொட்டகையில், நான் உட்கார்ந்து எழுதிய அதே கல்லுக்குப் பக்கத்தில், கூடையோடு வரிசையில் நின்றேன். கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்து என் எடையைக் கூவினார். எனக்கு முன்னால் நின்ற கிழவிக்கும், அவளுக்கு முன்னால் நின்ற அம்மாவுக்கும் அதே எடைதான்.